புதுப்பிப்பு: பழைய மொஹாவி வரைபடத்தில் 200 மீட்டர் பிசகு ஏன்?
அமெரிக்காவின் மொஹாவி பாலைவனத்தின் மாட்டுப் பண்ணைகளையும் சுரங்கங்களையும் காட்டும் 1950களின் 1:62,500 அளவு வரைபடத் தாள்களில் எடுத்த புள்ளிகள் ஜிபிஎஸ்ஸில் தள்ளி விழுவதற்குக் காகிதச் சுருக்கமே காரணம் என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. இத்தாள்கள் என்ஏடி27 என்ற 1927ஆம் ஆண்டின் வட அமெரிக்க நில அளவை ஆதாரத்தின் அடிப்படையில் வரையப்பட்டவை. விளிம்பின் நீலக் கோடுகளில் படித்த யூடிஎம் எண்ணை (இடத்தை மீட்டரில் குறிக்கும் கட்ட எண்) அப்படியே டபிள்யூஜிஎஸ்84 என்ற இன்றைய உலக ஆதாரத்தில் இயங்கும் ஜிபிஎஸ்ஸில் இட்டால் வடக்கில் சுமார் 200, கிழக்கில் சுமார் 80 மீட்டர் வித்தியாசம் வரும். கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் ஈபிஎஸ்ஜி 26711 (என்ஏடி27இன் யூடிஎம் 11ஆம் மண்டலத்துக்கான குறியீட்டு எண்) கொடுத்து, பழைய ஆதாரத்திலிருந்து புதியதற்கு மாற்றும் நாட்கான் மாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். அதற்கான கட்டக் கோப்பு (இடத்துக்கு இடம் மாறும் திருத்த அளவுகள் கொண்டது) இல்லாவிட்டால் மென்பொருள் தோராயக் கணக்குக்கு இறங்கிவிடும், பிசகும் முழுதாகத் தீராது.

தாளில் உள்ள சுரங்கக் குறிகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்: பாதி கறுத்த சிறு சதுரம் செங்குத்துக் குழி, கவட்டை போன்றது கிடைச் சுரங்கத்தின் வாய். முதலாவதன் விளிம்புக்கே போக வேண்டாம், மண் சரியும். பிற்காலப் பதிப்புகளில் ஊதா நிறத்தில் இருப்பவை வான்படம் பார்த்துச் சேர்த்தவை, களத்தில் சரிபார்க்காதவை.