புதுப்பிப்பு: பி1 சோதனை எழுதியாயிற்று

டியூஷன் இல்லாமல் கேம்பிரிட்ஜ் பி1 பிரிலிமினரி இங்கிலீஷ் சோதனை எழுதலாமா, லிசனிங் காதிலேயே ஏறவில்லை என்று சித்திரையில் புலம்பியது நான்தான். மட்டக்களப்பிலிருந்து இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் எழுதிவிட்டேன். ஒவ்வொரு ஒலிப்பதிவையும் இரண்டு தரம் போடுவார்கள், பதறாதே என்று சொன்னவருக்கு நன்றி, பாதிப் பயம் அதிலேயே போயிற்று.

கோட்டை விட்டது ரைட்டிங்கில். 45 நிமிடம், இரண்டு கேள்வி, ஒவ்வொன்றும் 100 சொல்லளவில். முதல் கேள்வி ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவது, அதில் தந்த நாலு குறிப்புக்கும் பதில் வர வேண்டும், நான் அழகாக எழுதுகிற மிதப்பில் ஒன்றை விட்டுவிட்டேன்.

ஸ்பீக்கிங் பரவாயில்லை. படத்தைப் பார்த்து ஒரு நிமிடம் பேச வேண்டும், அதற்காக நானும் மச்சாளும் பின்னேரங்களில் கல்லடிப் பாலத்தில் நின்று, கீழே தோணியில் வலை வீசுகிறவரை இங்கிலீசில் விவரித்துப் பழகினோம் (ஒருநாள் அவர் நிமிர்ந்து, “என்ன புள்ள, யாரோட கதைக்கிறீங்க?” என்றார்). சொல் வராவிட்டால் சுற்றிச் சொல்வதும் பழக்கமாயிற்று. சோதனையில் வந்தது சமையலறைப் படம், அகப்பைக்குச் சொல் வரவில்லை, “கறி கிண்டுகிற நீளச் சாமான்” என்று சமாளித்தேன்.

140 புள்ளி எடுத்தால் பாஸ். ரிசல்ட் வந்தால் மறுகா வந்து சொல்கிறேன்.