‘ஹிஸ்டாரிக் வாட்டர்ஸ்’: தொல்லாட்சிக் கடலா, நீடாட்சிக் கடலா?

மண்டபத்திலிருந்து

நண்பர்களுக்கு வணக்கம்.

1974 கச்சத்தீவு உடன்படிக்கையைத் தமிழாக்க உட்கார்ந்தால் தலைப்பிலேயே தட்டுகிறது. இந்தியா, இலங்கை இரண்டுக்கும் இடையிலுள்ள ‘ஹிஸ்டாரிக் வாட்டர்ஸில்’ எல்லை வகுப்பது பற்றிய உடன்படிக்கை என்பதுதான் அதன் பெயர். ‘வரலாற்றுச் சிறப்புமிக்க நீர்ப்பரப்பு’ என்று பெயர்த்தால், தனுஷ்கோடியில் இடிந்து நிற்கும் தேவாலயம் போலப் போய்ப் பார்க்கும் இடமாகிவிடும். மேடையில் பேசுகிறவர்கள் ‘பாரம்பரியக் கடல்’ என்கிறார்கள். இது அதைவிடக் கெடுதல்.

சட்டத்தில் இந்தச் சொல்லுக்குப் பொருள் இதுதான்: பொது விதிப்படி ஒரு நாட்டின் உள்கடலாகக் கணக்கில் வராத ஒரு பரப்பு, நெடுங்காலம் அந்த நாடு ஆண்டு வந்ததாலேயே அதன் உடைமையாவது. நார்வேக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான மீன்பிடி வழக்கில் 1951இல் சர்வதேச நீதிமன்றம் ஏறக்குறைய இப்படித்தான் விளக்கியது. நம் கரையில் இதற்கு இன்னும் பழைய சான்று உண்டு. ராமநாதபுரம் கரைக்கு அப்பால் சங்கு திருடியதாக வந்த வழக்கில், பாக் விரிகுடா அரசின் ஆட்சிக்கு உட்பட்ட பகுதியே என்று சென்னை உயர்நீதிமன்றம் 1904இல் சொன்னது. சங்குப் படுகையைக் குத்தகைக்கு விடுவது, திருடினால் வழக்குப் போடுவது எல்லாம் ஆளுகிறவன் செய்கிற வேலை. வெறுமனே மீன் பிடித்துக்கொண்டிருந்தால் இந்த உரிமை வராது.

‘பாரம்பரியக் கடல்’ என்ற பெயர் எங்கே கவிழ்கிறது என்று பாருங்கள். 1976 மார்ச் 23இல் பரிமாறிக்கொண்ட கடிதத்தின்படி, அனுமதி இல்லாமல் இந்திய மீனவர்கள் இலங்கையின் ‘ஹிஸ்டாரிக் வாட்டர்ஸிலும்’ கரையை ஒட்டிய ஆட்சிநிலவரைக் கடலிலும் அதற்கு அப்பாலுள்ள தனிப் பொருளாதார மண்டலத்திலும் மீன் பிடிக்கக் கூடாது. இலங்கை மீனவருக்கும் அதே தடை இந்தியப் பக்கத்தில். இதை ‘இலங்கையின் பாரம்பரியக் கடலில் மீன் பிடிக்கக் கூடாது’ என்று எழுதிப் பாருங்கள். பாட்டன் காலத்திலிருந்து நாம் தொழில் பார்த்த கடல்தானே பாரம்பரியக் கடல், அது எப்படி அவர்களுடையது என்று ராமேஸ்வரத்தில் எவரும் கேட்பார். கேள்வி நியாயமானது. பிழை சொல்லில் இருக்கிறது.

என் பரிந்துரை ‘தொல்லாட்சிக் கடல்’. ‘தொன்னீர்’ என்று குறுக்கலாம், ஆனால் அது பூமிக்கடியில் ஆயிரக்கணக்கான ஆண்டு கிடக்கும் ஊற்றுநீர் என்று படும். இந்த மாவட்டத்தில் நீர் என்றாலே கண்மாயும் ஊருணியும்தான் நினைவுக்கு வரும். ஆகவே ‘கடல்’ என்றே வைக்கலாம்.

தொண்டியிலிருந்து

அய்யா, ‘ஆட்சி’ சரி. ‘தொல்’ வேண்டாம் என்பது என் கருத்து. தொல்லியல், தொல்குடி, தொல்பொருள் என்று பழகிய காதுக்கு அது முடிந்துபோன காலம். ஆனால் இங்கே சட்டம் கேட்பது இடையறாத தொடர்ச்சி. ஐ.நா. செயலகம் 1962இல் செய்த ஆய்வு மூன்று கூறுகளைப் பார்க்கச் சொல்கிறது: அரசு அந்தக் கடலில் அதிகாரம் செலுத்தியிருக்க வேண்டும், அது நெடுங்காலம் தொடர்ந்திருக்க வேண்டும், மற்ற நாடுகள் அதை எப்படி எடுத்துக்கொண்டன என்பது. சேதுபதி காலத்தில் இருந்து பிறகு நூறு ஆண்டு விட்டுப்போனால் ‘தொல்’ நிற்கும், உரிமை நிற்காது. அதனால் ‘நீடாட்சிக் கடல்’ என்கிறேன். நீடு என்றால் நெடுங்காலம் என்பதோடு இன்னும் நடப்பது என்பதும் சேர்ந்து வரும். பத்திரத்தில் எழுதுகிறோமே, ‘ஆண்டு அனுபவித்து வருகிற’ என்று, அந்த ‘வருகிற’தான் இங்கே உயிர். நீடாட்சி விரிகுடா, நீடாட்சி உரிமை என்று கிளைச்சொல்லும் எளிதாக வரும்.

மூன்றாவது கூறு இந்தச் சொல்லில் ஏறாது. அதற்கு ‘மௌன சம்மதம்’ என்று தனியாக எழுதிவிடுகிறார்கள். அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. பேச வேண்டிய இடத்தில், தெரிந்தும் பேசாமல் இருந்ததைத்தான் சட்டம் பிடிக்கிறது. கம்போடியாவுடனான ப்ரியா விஹார் கோயில் வழக்கில் 1962இல் தாய்லாந்து தோற்றதற்குப் பெரிய காரணம், தனக்குப் பாதகமான வரைபடத்தைக் கையில் வாங்கிக்கொண்டு பல ஆண்டு எதிர்ப்புச் சொல்லாமல் இருந்ததே. இதற்கு ‘இசைவமைதி’ என்று வைக்கலாமா? தனி இழையில் பேசுவோம்.

‘உள்’ என்பது மட்டும் இந்தச் சொல்லுக்குள் வரக் கூடாது. இலங்கை 1977 ஜனவரியில் வெளியிட்ட பிரகடனம் பாக் விரிகுடாவிலுள்ள இந்தப் பரப்பை உள்கடல் என்றும், மன்னார் வளைகுடாவிலுள்ளதை ஆட்சிநிலவரைக் கடல் என்றும் பிரிக்கிறது. நம் வழக்கில் சொன்னால் வடகடலுக்கு ஒரு சட்டம், தென்கடலுக்கு ஒரு சட்டம். உள்கடலில் வேற்றுநாட்டுக் கப்பல் கேட்காமல் கடந்து போக முடியாது. ஆட்சிநிலவரைக் கடலில் கெடுதல் செய்யாமல் கடந்து போகலாம். ஒரே பெயருக்குள் இரண்டும் அடங்க வேண்டும்.

பாம்பனிலிருந்து

நீடாட்சிக்கு என் ஓட்டு. ஆனால் ‘பாரம்பரிய’ என்பதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். அதற்கு வேறு இடம் இருக்கிறது, அதுதான் நம் ஆட்களுக்கு வேண்டியது. சீனா மீது பிலிப்பைன்ஸ் தொடுத்த தென்சீனக் கடல் வழக்கில் 2016 ஜூலை 12 தீர்ப்பு இதைத் தெளிவாகப் பிரித்தது. சீனாவின் வரலாற்றுவழி உரிமைக் கோரிக்கை, தனிப் பொருளாதார மண்டல விதியோடு முரண்படும் அளவுக்குச் செல்லாது என்றது. அதே தீர்ப்பு ஸ்கார்பரோ திட்டில் பிலிப்பைன்ஸ் மீனவர்களின் மரபுத் தொழிலைச் சீனா தடுத்தது தவறு என்றும் சொன்னது. முதலாவது அரசின் உரிமை. இரண்டாவது மீனவனின் உரிமை, கடல் எவருடையது என்ற கேள்வியைத் தொடாமலே நிற்பது.

செங்கடல் தகராறு பற்றிய எரித்திரியா–யேமன் தீர்ப்பிலும் (1998, 1999) மரபு மீன்பிடியை எல்லைக்கோடு அறுக்காது என்றார்கள். ஆனால் அது சிறுதொழிலுக்கு மட்டும். சிறு படகில் இன்ஜின் மாட்டினால் மரபு போய்விடாது, பெருந்தொழிலுக்கு அந்தக் காப்பு கிடையாது. இதை நம் கரையில் வைத்துப் பார்த்தால் வள்ளமும் நாட்டுப்படகும் ஒரு பக்கம், விசைப்படகின் இழுவைமடி (இழுத்துச் செல்லும் வலை) இன்னொரு பக்கம். ‘மரபு மீன்பிடி உரிமை’ என்று எழுதும்போதே எந்த மடி, எந்தப் படகு என்ற கேள்வியும் கூட வரும். அதை மறைக்கிற சொல் நமக்கே பாதகம்.

மண்டபத்திலிருந்து

‘தொல்’லை விட்டுவிட்டேன். ‘ஆட்சிநிலவரைக் கடல்’, ‘நீடாட்சிக் கடல்’ இரண்டிலும் ஆட்சி வருகிறதே என்று முதலில் தயங்கினேன். இரண்டுமே அரசின் இறைமை சார்ந்தவை, வரட்டும். மீனவனின் உரிமையில் அந்தச் சொல் வராமல் இருந்தால் போதும்.

வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன். தலைப்பு: ‘நீடாட்சிக் கடலில் எல்லையும் அது தொடர்பான பொருள்களும் குறித்த உடன்படிக்கை’. நிற்கிறது. ஐந்தாம் பிரிவு: ‘இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், இதற்கெனப் பயண ஆவணமோ விசாவோ பெறுமாறு இலங்கை கேட்காது’. இங்கே ‘மீன் பிடிக்க’ என்று கைச்சரக்குச் சேர்க்காதீர்கள், மூலத்தில் இல்லை. ஆறாம் பிரிவு: ‘இரு நாட்டுக் கலங்களும் ஒன்று மற்றதன் கடலில் மரபாகத் துய்த்துவந்த உரிமைகளைத் துய்க்கும்’. ‘படகு’ என்று போட்டால் மீன்பிடிப் படகு என்று சுருங்கிவிடும். மூலச்சொல் எல்லாக் கலத்துக்கும் பொது. ‘மரபாக’ இங்கேதான் தன் இடத்தில் உட்காருகிறது. இந்தப் பிரிவையும் 1976 கடிதத்தையும் எப்படிச் சேர்த்துப் படிப்பது என்பதில்தான் வாதமே இருக்கிறது. தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அந்த வாதம் வாசகன் கண்ணிலேயே படாது.

கடிதம் என்பதால் ‘வெறும் கடிதம்’ என்று நினைப்பவர்களும் உண்டு. உடன்படிக்கைகள் பற்றிய 1969 வியன்னா ஒப்பந்தப்படி என்ன பெயர் வைத்தாலும், நாடுகள் எழுத்தில் செய்து சர்வதேசச் சட்டத்துக்கு உட்பட்டது உடன்படிக்கையே. ஆகவே அடிக்குறிப்பில் ‘உடன்படிக்கைக் கடிதம்’ என்று போடுகிறேன்.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்க்கும் பதிவு: நீடாட்சிக் கடல் – ஓர் அரசு நெடுங்காலம் இடையறாது ஆண்டு, மற்ற அரசுகளின் இசைவமைதியால் தன்னதாக்கிக்கொண்ட கடற்பரப்பு. காண்க: நீடாட்சி உரிமை. வேறு: மரபு மீன்பிடி உரிமை.

பாம்பன் நண்பர் ‘சிறுதொழில்’ என்கிறார். மீன்வளத்துறைத் தாள்களிலும் தொழிற்சாலைச் சட்டத்திலும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது. வள்ளக்காரர்கள் தங்கள் தொழிலை விசைப்படகிலிருந்து பிரித்துச் சொல்ல என்ன சொல் வைத்திருக்கிறார்கள் என்று எழுதுங்கள், அதையே எடுத்துக்கொள்வோம்.