‘அந்த நாள்’ படத்தில் காணாமல் போன ஐந்து நிமிஷம்

ரீல்பெட்டி:
பழைய படங்களை ஒரே கருவில் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பார்க்க எட்டுச் சோடி என்று வெள்ளவத்தைக்காரன் நேற்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். முதல் சோடி குரோசாவாவின் ‘ரஷோமோன்’ (1950), எஸ். பாலச்சந்தரின் ‘அந்த நாள்’ (1954). ஊரெல்லாம் போடுகிற சோடிதான், போகட்டும். அதுக்குக் கீழே எழுதியிருக்கிறதைப் பாருங்கோ: “அந்த நாள் 130 நிமிஷம். என்ர டிஸ்கில் 125 தான் ஓடுது. ஒரு பாட்டை வெட்டிப்போட்டாங்கள்.”

பாட்டா? ‘அந்த நாளில்’ பாட்டா? பாட்டே இல்லாத தமிழ்ப் படம் என்றுதானே அந்தப் படத்துக்குப் பெயரே!

ஐந்து நிமிஷம் எங்கே போச்சுதெண்டு நான் சொல்லுறன். படச்சுருள் செக்கனுக்கு 24 பிரேம். இலங்கையில் நாங்கள் பாவிக்கிற ரீவி முறை பால், அது செக்கனுக்கு 25. டிஸ்க் செய்யேக்க 24ஐ அப்படியே 25இல் ஓட விடுவினம். 130ஐ 24ஆல் பெருக்கி 25ஆல் பிரியுங்கோ. 124.8 வரும். ஒரு பிரேமும் வெட்டுப்படவில்லை, படம் ஓட்டமாய் ஓடுது. அவ்வளவுதான்.

வெள்ளவத்தைக்காரன்:
வந்திட்டார் பேராசிரியர். பாலாம், தயிராம். 130 எங்கே, 125 எங்கே? குறைஞ்சால் வெட்டினதுதான். ஒரு கண்ணாடித் துண்டைப் பார்த்து “இது உடையேல்லை, வேகமா நிக்குது” எண்டு சொல்லுவீர் போல.

எட்டுச் சோடியில் மற்ற ஏழு சோடியைப் பற்றி மூச்சே இல்லை. போன மாதம் நான் சொன்ன ‘புதிய பறவை’ விஷயம் இன்னும் உமக்கு ஆறேல்லைப் போல கிடக்கு.

கொட்டாஞ்சேனை ரசிகன்:
முதல் காட்சியிலேயே ஹீரோ சுடுபட்டுச் சாகிற படத்துக்கு இவ்வளவு சண்டையா? நல்ல சோடி நான் சொல்லுறன். 1958, இரட்டை வேடம்: ‘உத்தமபுத்திரன்’, ‘நாடோடி மன்னன்’. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் யார் ராசா எண்டு அரை மணித்தியாலத்தில் தெரிஞ்சுபோகும்.

ரீல்பெட்டி:
ரசிகன் தம்பி, ‘நாடோடி மன்னன்’ மட்டுமே மூன்றரை மணித்தியாலத்துக்கு மேல். பின்னேரம் நாலு மணிக்குத் தொடங்கினாலும் நடுச்சாமம் ஆகும். இன்னொன்று, கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் புரொஜெக்டரில் நிறச்செறிவைப் பூச்சியத்துக்கு இறக்கிவிடுவினம், பச்சை அடிக்காமல் இருக்க. ‘நாடோடி மன்னனில்’ ஒரு பகுதி கேவாகலரில் வரும். செறிவைத் திருப்பி ஏற்ற மறந்தால் வண்ணத்தில் எடுத்ததும் சாம்பலாய்த்தான் தெரியும்.

சரி, விஷயத்துக்கு வாறன். வெள்ளவத்தைக்காரன், உங்கட டிஸ்கைக் கணினியில் போட்டு, விஎல்சி எண்ட படம் ஓட்டிற மென்பொருளில் கோடெக் விபரத்தைத் திறந்து பாருங்கோ. படத்தின் உயரம் 576 எண்டால் அது பால், 480 எண்டால் அமெரிக்கா, ஜப்பான் பக்கத்து ரீவி முறையான என்ரிஎஸ்சி. விசிடி எண்டால் 288, 240. இந்தியாவில் அடிச்ச தமிழ் டிஸ்குகள் கனக்க என்ரிஎஸ்சி, அதில் படம் வேகமாய் ஓடாது. ஆகவே 480 எண்டு காட்டி, ஓட்டம் 125 எண்டால், நீங்கள் சொல்லுற மாதிரி எங்கேயோ வெட்டு விழுந்திருக்கு. 576 எண்டால் நான் சொன்னது. ஒரு எண்ணைச் சொல்லுங்கோ, கதை முடிஞ்சுது.

வெள்ளவத்தைக்காரன்:
எனக்கு எண் பார்க்கிற வேலை இல்லை. படம் பார்க்கிற வேலை.

மருதானை நானா:
ரீல்பெட்டி சொல்றதுல ஒரு ஞாயம் ஈக்கி. வெட்டு எண்டா ரீல் கணக்குல தான் வரும். 35 மில்லிமீட்டர்ல நிமிஷத்துக்கு 90 அடி. ஆயிரம் அடி ரீல் ஒண்டு 11 நிமிஷம். ரீலே தொலைஞ்சா 11 குறையோணும், இல்லாட்டி 22. அஞ்சு நிமிஷம் எண்டா 450 அடி, அரை ரீலுக்கும் கொறைவு. ரீல் முனைகள்ல தேஞ்சு, அறுந்து, ஒட்டி ஒட்டிப் போறதும் உண்டு. ஆனா அது செக்கன் கணக்கு. அப்பிடிப் போன இடத்துல வசனம் பாதியில துள்ளும், காதுக்கு டக்கெண்டு தெரியும்.

வெள்ளவத்தைக்காரன்:
நானாவும் கட்சி மாறிட்டார். பாட்டு எண்டால் எத்தனை நிமிஷம்? நாலரை, ஐந்து. கணக்குச் சரியாப் பொருந்துதோ இல்லையோ?

ரீல்பெட்டி:
இட்டலியும் ஐந்து நிமிஷத்தில் வேகும். அதையும் படத்தில் இருந்து எடுத்துப்போட்டாங்கள் எண்டு எழுதுங்கோ.

இடைவேளை அக்கா:
இரண்டு பேரும் கொஞ்சம் நிப்பாட்டுறீங்களா? இந்தச் சோடியே பிழை எண்டு ஒருத்தரும் சொல்லேல்லையே. ‘ரஷோமோனில்’ நடந்த ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாய்ச் சொல்லுவினம், ஒன்று மற்றதை அடிக்கும். ‘அந்த நாளில்’ கொலையை ஒருத்தரும் திருப்பித் திருப்பிச் சொல்லேல்லை. பக்கத்து வீட்டுச் சின்னையா, தம்பி பட்டாபி, அவன்ர பெண்சாதி, அம்புஜம் எண்டு ஆளுக்கு ஆள் இன்னொருத்தர் மேலே சந்தேகத்தைத் தள்ளிவிடுவினம். செத்த ராஜன் எப்பிடிப்பட்டவன் எண்டது ஒவ்வொரு வாயிலும் மாறும். அது 1950இல் வந்த ‘தி வுமன் இன் குவெஸ்ஷன்’ என்ற பிரித்தானியப் படத்தின் கட்டு. அதில் கொலையுண்ட பெண்ணை ஐந்து பேர் ஐந்து பெண்ணாய்க் காட்டுவினம். ரஷோமோன், ரஷோமோன் எண்டு எல்லோரும் ஒருத்தர் வாயைப் பார்த்து ஒருத்தர் சொல்லுறியள்.

என்ர சோடி ‘அந்த நாள்’, ஹிட்ச்கொக்கின் ‘நொட்டோரியஸ்’ (1946). இரண்டிலும் உளவு, புருஷனா நாடா எண்டு நிக்கிற பெண்சாதி. 101 நிமிஷமும் 130உம், 231. சென்னையில் 1943 ஒக்ரோபரில் ஜப்பான்காரன் குண்டு போட்ட இரவுக்கு அடுத்த நாள் நடக்கிற கதை. கொழும்பில் 1942 ஏப்ரல் 5ந் திகதி, உயிர்த்த ஞாயிறண்டு அவன் போட்டிட்டுப் போயிட்டான். இந்த ஊரில் இருந்துகொண்டு அந்தப் படத்தைப் பார்க்க உங்களுக்கு ‘ரஷோமோன்’ காடுதான் ஞாபகம் வருதா?

கொட்டாஞ்சேனை ரசிகன்:
அக்கா! “புருஷனா நாடா எண்டு நிக்கிற பெண்சாதி” எண்டு எழுதி யார் சுட்டது எண்டதை உடைச்சுப்போட்டீங்களே. நான் இன்னும் படம் பார்க்கேல்லை.

இடைவேளை அக்கா:
பார்க்காத படத்தைப் பற்றித்தான் காலமை தொடக்கம் கதைச்சுக்கொண்டிருக்கிறீரா தம்பி? எழுபது வருஷம் தாண்டின ரகசியம்.

ரீல்பெட்டி:
அக்கா சொல்லுறதை நான் மறுக்கேல்லை, ஆனால் அது வேறு திரிக்கான கதை. 1952இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழா சென்னைக்கும் வந்தது. பாலச்சந்தர் ‘ரஷோமோன்’ பார்த்தவர். அதனால் சோடி நிற்கும்.

இப்ப ‘ரஷோமோன்’ எண்டே வைப்பம். வெள்ளவத்தைக்காரனுக்கு இன்னொரு சோதனை. ‘ரஷோமோன்’ 88 நிமிஷம். பால் டிஸ்கில் அது 84 நிமிஷம் 29 செக்கன் வரவேணும். உங்கட ‘ரஷோமோன்’ டிஸ்க் எத்தனை காட்டுது?

வெள்ளவத்தைக்காரன்:
84.

ரீல்பெட்டி:
அப்ப?

வெள்ளவத்தைக்காரன்:
அப்ப ஜப்பான்காரனும் வெட்டியிருக்கிறான்.

மருதானை நானா:
அல்லாஹ்வே.

புதுப்பையன்:
அண்ணாமார், நான் சனிக்கிழமை இந்த இரண்டையும் போட இருக்கிறன். எதை முதலில் போடுறது? 25இல் ஓடுறதைத் திருப்பி 24 ஆக்கலாமா?

ரீல்பெட்டி:
இப்பதான் ஒருத்தர் கேட்கவேண்டியதைக் கேட்டிருக்கிறார்.

‘ரஷோமோன்’ முதலில். அது கீழே எழுத்து வாசிச்சுப் பார்க்கிற படம், கண் களைக்க முன்னம் முடியவேணும். இரண்டாவதாய்ப் போட்டால் பத்து மணிக்கு மேல் பாதிப் பேர் எழுத்தை விட்டிட்டு முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருப்பினம். 88உம் 130உம் 218, நடுவில் 20 நிமிஷம். 6.30க்குத் தொடங்கினால் 10.28க்கு முடியும். பழைய பல்புப் புரொஜெக்டர் எண்டால் அந்த இருபது நிமிஷமும் அணைக்காதேயும். சூட்டோட அணைச்ச பல்பு ஆறும்வரைக்கும் திரும்பப் பற்றாது.

வேகத்துக்கு: விஎல்சியில் சதுர அடைப்பு விசைகள் பத்தில் ஒன்று பத்தில் ஒன்றாய்த் தாவும், அதால் 0.96 (24ஐ 25ஆல் பிரிச்சால் வாறது) பிடிக்கேலாது. மேம்பட்ட அமைப்புகளுக்குள் போய், ஓட்ட வேகத்தை 0.96 எண்டு கையால் எழுதவேணும். அதோட விடாதேயும். வேகம் மாறினாலும் சுருதி மாறாமல் இழுத்துப் பிடிக்கிற ஒரு வசதி ஒலிப் பகுதியில் தானாகவே போட்டுக் கிடக்கும், அதை எடுத்துவிடவேணும். எடுக்காட்டி படம் சரியான வேகத்துக்கு வரும், குரல் மட்டும் முக்கால் அரைச்சுருதி மேலேயே நிற்கும். சிவாஜி வயதுக்கு வராத பெடியன் மாதிரிக் கதைப்பார்.

திரையின் அளவு: இரண்டும் 1.37க்கு 1. அகலத்திரையில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரட்டும். பட்டை பிடிக்கேல்லை எண்டு இழுத்தால் எல்லோரும் முப்பது வீதம் கொழுத்துப்போவினம். ஏ விசையை அமத்தி அமத்தி 4:3க்குக் கொண்டுவாரும். சி விசையைத் தொடாதேயும், அது தலையை வெட்டும்.

வெள்ளவத்தைக்காரன்:
தலையை வெட்டுமாம். ஆனால் பாட்டை மட்டும் வெட்டாது.

கொட்டாஞ்சேனை ரசிகன்:
“பெடியன் மாதிரிக் கதைப்பார்” எண்டு நடிகர் திலகத்தைச் சொன்னதுக்கு மன்னிப்புக் கேளும். நான் எம்ஜிஆர் ரசிகன்தான், ஆனால் எதுக்கும் ஒரு அளவு இருக்கு.

இடைவேளை அக்கா:
தம்பி புதுப்பையன், ஒரே கதையைத் திருப்பி எடுத்த படங்களைச் சோடி போட்டால் இரண்டாவது படம் செத்துப்போகும், இதை மட்டும் ஞாபகம் வையும். ‘புதிய பறவை’ (1964) வங்காளப் படம் ஒன்றின் வழியாய் ‘சேஸ் எ குரூக்கட் ஷடோ’ (1958) என்ற படத்தில் இருந்து வந்தது. கடைசித் திருப்பம் ஒன்றேதான். எதை முதலில் போட்டாலும் மற்றதன் முடிச்சு அவிழ்ந்துபோகும்.

உள்ளூர்ச் சோடி வேணுமெண்டால் 1978இலேயே இருக்கு. தர்மசேன பத்திராஜாவின் ‘பம்பரு எவித்’, செங்கை ஆழியானின் நாவலில் இருந்து எடுத்த ‘வாடைக்காற்று’. ஒன்று சிங்களம், மற்றது தமிழ். இரண்டிலும் கடற்கரைக் கிராமம், வெளியில் இருந்து வந்து இறங்கிற ஆட்கள், வாடி, வலை, காதல், கொந்தளிப்பு. ஒரே ஆண்டு! பத்திராஜாவே அதுக்கு முதல் யாழ்ப்பாணத்தில் ‘பொன்மணி’யைத் தமிழில் எடுத்தவர். இதை ஒருத்தரும் பட்டியலில் போடமாட்டியள்.

வெள்ளவத்தைக்காரன்:
போட்டிருக்கிறனே! ஏழாவது சோடி! ரீல்பெட்டி முதல் சோடியைத் தாண்டி வாசிச்சால்தானே தெரியும்.

ரீல்பெட்டி:
வாசிச்சனான். ஏழாவது சோடியில் ‘பம்பரு எவித்’ 1976 எண்டு பிழையாய்ப் போட்டிருக்கிறீர். பெரிய மனசு பண்ணி விட்டனான்.

வெள்ளவத்தைக்காரன்:
அது தட்டச்சுப் பிழை.

ரீல்பெட்டி:
இரண்டு வருஷம் காணாமல் போனால் தட்டச்சுப் பிழை, ஐந்து நிமிஷம் காணாமல் போனால் சதி. நல்லாயிருக்கு.

மருதானை நானா:
‘வாடைக்காற்று’ போடுறது ஈக்கட்டும், நல்ல பிரதிக்கு எங்க போற? 83 ஜூலையில ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிஞ்ச. இந்த நாட்டுத் தமிழ்ப் படம் எண்டா அஞ்சு நிமிஷம் இல்ல, முழுப்படமே இல்லாமப் போனதைத் தான் கணக்குப் பாக்கோணும்.

கொட்டாஞ்சேனை ரசிகன்:
நானா, அது சோகக் கதை. மன்னிப்பு எங்கே எண்டு நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்.

புதுப்பையன்:
அண்ணை, என்ர கோப்பைப் பார்த்தன். உயரம் 480 எண்டு காட்டுது, நேரம் 126.

வெள்ளவத்தைக்காரன்:
ஆஹா! 480! ரீல்பெட்டி ஐயா தன்ர வாயாலேயே என்ன சொன்னவர்? 480 எண்டால் வெட்டு எண்டு! மேலே போய் வாசியுங்கோ எல்லோரும்.

ரீல்பெட்டி:
அது டிஸ்க் இல்லை, கோப்பு. யாரோ பால் டிஸ்கில் இருந்து எடுத்துச் சுருக்கி 480 ஆக்கியிருக்கலாம். தம்பி, செக்கனுக்கு எத்தனை பிரேம் எண்டு பாரும். 25 எண்டால் நான் சொன்னது. 23.976, அதாவது கிட்டத்தட்ட 24 எண்டால், முன்னுக்கு வாற தணிக்கைச் சான்றிதழும் பெயர் அட்டைகளும் முழுசாய் இருக்கா எண்டு முதலில் பாரும். அதுகளை உருவிப்போட்டுப் படத்தை ஏத்திறவை இருக்கினம். அதுக்குப் பிறகும் குறைஞ்சால் கதைப்பம்.

வெள்ளவத்தைக்காரன்:
காலமை 576, மத்தியானம் 480, இப்ப பிரேம், பிறகு சான்றிதழ். நீர் கேட்ட எண் வந்திட்டுது. 480. வெட்டு. பாட்டு.

ரீல்பெட்டி:
பாட்டு இல்லை. பின்னணி இசை மட்டும்தான். எத்தனை பிரேம், தம்பி?

கொட்டாஞ்சேனை ரசிகன்:
மன்னிப்பு.

இடைவேளை அக்கா:
‘நொட்டோரியஸ்’ எண்டு நான் எழுதினதுக்கு ஒருத்தரும் பதில் தரேல்லை எண்டதையும் குறிச்சு வைக்கிறன்.

புதுப்பையன்:
கரண்ட் போட்டுது அண்ணை. வந்த பிறகு பார்த்துச் சொல்லுறன்.