டொரான்டோவில் நெட்வொர்க்கிங் கூட்டம்: ரெஸ்யூமேவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்

புதிதாக வந்த பொறியாளர்கள் பலரும் கேட்பது இதுதான்: "நூறு இடத்துக்கு ரெஸ்யூமே போட்டாச்சு, பதிலே இல்லை. நெட்வொர்க்கிங் கூட்டத்துக்குப் போனால் வேலை கிடைக்குமா?" கூட்டத்தில் கிடைக்காது. அதற்குப் பிறகு நீங்கள் செய்வதில் கிடைக்கலாம்.

நான் திருச்சியில் எட்டு வருடம் கட்டுமான வேலை பார்த்துவிட்டு டொரான்டோவின் ஸ்கார்பரோ பகுதிக்கு வந்தவன். முதல் கூட்டத்துக்குப் பதினைந்து ரெஸ்யூமே அச்சடித்துக்கொண்டு போய், கல்யாணப் பத்திரிகை வைப்பதுபோல ஆளுக்கொன்று நீட்டினேன். எல்லோரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். கிளம்பும்போது பார்த்தால் நாலு பிரதி காபி மேசையிலேயே கிடந்தது.

அடுத்த கூட்டத்துக்கு வெறுங்கையோடு போனேன். அங்கே பலருடைய சுண்டுவிரலில் ஒரே மாதிரி மோதிரம். பக்கத்தில் நின்ற பெரியவரிடம் என்னவென்று கேட்டேன். கனடாவில் பொறியியல் முடிப்பவர்கள் 1925 முதல் உறுதிமொழி எடுத்து அணியும் இரும்பு மோதிரமாம். எழுதும் கையில்தான் போடுவார்களாம். அப்புறம் பேச்சு அஸ்திவாரத்துக்குப் போனது. இங்கே மண் உறைந்து உப்புவதால் டொரான்டோவில் அஸ்திவாரம் 1.2 மீட்டர் ஆழத்துக்காவது இறங்க வேண்டும் என்றார். உறையாமலே உப்புகிற மண் எங்களிடம் உண்டு என்று நான் கரிசல் மண்ணைப் பற்றிச் சொன்னேன். மழையில் உப்பி வெயிலில் பாளம் பாளமாக வெடிப்பதைச் சொன்னதும் மனுஷர் விடவே இல்லை. வேலை என்ற சொல்லை இருவருமே எடுக்கவில்லை.

மறுநாள் லிங்க்ட்இன்னில் மூன்றே வரி எழுதினேன்: கரிசல் மண் பற்றிப் பேசிய ஆள் நான், உங்கள் துறையைப் பற்றி இன்னும் தெரிந்துகொள்ள வேண்டும், ஒரு காபிக்கு 20 நிமிடம் கிடைக்குமா? கிடைத்தது. அந்தக் காபியில் என் ரெஸ்யூமேயை அவரே கேட்டு வாங்கிப் பாதியை அடித்துத் திருத்தினார். நாலு மாதம் கழித்து, அவருக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று அவரே எழுதினார்.

சட்டம் இப்போது கொஞ்சம் நம் பக்கம். ஒன்டாரியோவில் பொறியாளர் உரிமம் தரும் பிஇஓ, கனடிய அனுபவம் வேண்டும் என்ற விதியை 2023-இல் எடுத்துவிட்டது. 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2026 ஜனவரி 1 முதல் பொது விளம்பரத்திலும் அதைக் கேட்கக் கூடாது. ஆனால் தேர்வு செய்பவரின் மனதுக்குள் இருக்கும் தயக்கத்தைச் சட்டம் எடுக்காது. உங்களைத் தெரிந்த ஒருவர் சொல்லும் ஒரு வார்த்தைதான் அதை எடுக்கும்.

எங்கே போவது? பிஇஓவுக்கு ஊர்வாரியாகக் கிளைகள் உண்டு, ஸ்கார்பரோவிலும் இருக்கிறது. சிறிய கூட்டம், அதே முகங்கள் திரும்பத் திரும்ப வரும். ஆயிரம் பேர் வரிசையில் நிற்கும் வேலைவாய்ப்பு முகாமைவிட இதுவே மேல் என்பது என் எண்ணம். புதிதாகக் குடியேறியவர்களுக்கு வேலை விஷயத்தில் உதவும் ட்ரையெக் (TRIEC) அமைப்பு உங்கள் துறையிலேயே ஒரு வழிகாட்டியைச் சேர்த்துவிடும். அதற்கும் பதிந்து வையுங்கள்.

இன்னொன்று, கொஞ்சம் சங்கடமானது. தமிழ் முகம் தெரிந்தால் மூலையில் கூடிவிடுகிறோம். எனக்கு வீடு பார்த்துத் தந்ததே ஒரு யாழ்ப்பாணத்து அண்ணன்தான், அதனால் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த இரண்டு மணி நேரம் மட்டும் மற்றவர்களோடு நில்லுங்கள். "சார்" வேண்டாம், வயதானவரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். நாக்கு கூசும், பழகிவிடும்.

சைவக்காரர்கள் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போங்கள், சீஸ் துண்டைத் தவிர எதுவும் இருக்காது. குளிர்காலத்தில் பனி பூட்ஸோடு போய் அங்கே மாற்றிக்கொள்ள ஷூவை ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.