தீவுகளில் போர்ப் பயிற்சி: இரைச்சல் அடங்கிய பிறகு எஞ்சுவது என்ன?

சூலூர் வாசகர்:
2024 ஆகஸ்ட் மாதம் எங்கள் சூலூர் விமானப்படைத் தளத்தில் தரங் சக்தி கூட்டுப் பயிற்சியின் முதற்கட்டம் நடைபெற்றது. ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின், பிரிட்டன் ஆகிய நாடுகளின் விமானங்கள் பறப்பதைப் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பெரியவர்கள் இரைச்சலைச் சொல்லிக் குறைபட்டுக்கொண்டார்கள். பயிற்சி முடிந்ததும் அந்தப் பேச்சும் முடிந்துவிட்டது. குண்டு வீசிப் பழகுவதற்குப் பல நாடுகள் தீவுகளைத் தேர்ந்தெடுப்பதாக அண்மையில் படித்தேன். அங்கு வாழும் மக்களுக்கும் மண்ணுக்கும் நேரும் பாதிப்பும் இப்படிப் பயிற்சியோடு முடிந்துவிடுமா? எங்கள் நூலக வாசகர் வட்டத்தில் இதைப் பேச இருப்பதால், விவரம் அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

பெருந்துறை ஆசிரியை:
முடிவதில்லை ஐயா. கரீபியக் கடலில் அமெரிக்க ஆட்சிக்கு உட்பட்ட போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த வியேக்கஸ் தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 1940களில் அமெரிக்கக் கடற்படை அதன் பெரும்பகுதியைக் கையகப்படுத்தி, மேற்கே வெடிமருந்துக் கிடங்கும் கிழக்கே குண்டுவீச்சுத் தளமும் அமைத்ததால், தோட்டங்களில் கரும்பு வெட்டிப் பிழைத்த குடும்பங்கள் நடுவில் எஞ்சிய நிலத்துக்குள் ஒடுங்க நேர்ந்தது. 1999 ஏப்ரல் 19 அன்று, குறி தவறி விழுந்த குண்டுகளால், தளத்தில் காவல் பணியில் இருந்த உள்ளூர்க்காரரான டேவிட் சானெஸ் உயிரிழந்தார். அதன் பிறகு மக்கள் தளத்துக்குள்ளேயே புகுந்து கொட்டகை போட்டுத் தங்கி, ஓராண்டுக்கு மேல் குண்டுவீச்சு நடக்கவிடாமல் செய்தார்கள். 2003 மே 1 அன்று கடற்படை வெளியேறியது.

வெளியேறிய பின் நடந்ததைத்தான் உங்கள் வட்டத்தில் விரிவாகப் பேச வேண்டும். நிலத்தின் பெரும்பகுதி ஊராருக்குத் திரும்பவில்லை. வனவிலங்குப் புகலிடமாக அமெரிக்க நடுவண் அரசின் வேறொரு துறைக்குப் போய்ச் சேர்ந்தது. 2005இல் நாட்டின் மிக மோசமாக நஞ்சேறிய இடங்களின் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. வெடிக்காத குண்டுகளை அகற்றும் பணி அதற்குப் பின்னும் பல ஆண்டுகள் நீண்டது. புற்றுநோய் மிகுந்துவிட்டதாக ஊரார் நெடுங்காலமாகக் குற்றம் சாட்டுகிறார்கள். அரசு ஆய்வுகளோ குண்டுவீச்சுடன் அதற்குள்ள தொடர்பை நிறுவவில்லை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நொய்யல் கரை உழவர்:
ஹவாயின் கஹோலாவே தீவையும் சேர்த்துக்கொள்ளலாம். 1941 முதல் 1990 வரை அது அமெரிக்கப் படைகளின் குண்டுவீச்சுக்கு இலக்காக இருந்தது. 1965இல் போர்க்கப்பல்களின் தாங்குதிறனை அறிவதற்காக, ஒவ்வொரு முறையும் சுமார் 500 டன் வெடிமருந்தைக் கரையில் அடுக்கி மூன்று முறை வெடித்தார்கள். அதனால் அடிப்பாறை விரிசல் விட்டு, நன்னீர் கடலோடு கலந்திருக்கலாம் என்ற ஐயம் இன்றும் உண்டு. ஆனால் தீவின் மேல்மண் அரித்துப்போனதற்குக் குண்டுகள் மட்டும் காரணமல்ல. அதற்கு முன்பே ஆடுமாடுகளைக் கட்டுப்பாடின்றி மேயவிட்டதும் காரணம்.

தூய்மைப்படுத்த 40 கோடி டாலர் ஒதுக்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் வேலை செய்தும், தீவில் கால்பங்கு நிலம் மேலோட்டமாகக்கூடத் துப்புரவாகவில்லை. நான்கடி ஆழம் வரை துப்புரவானது பத்தில் ஒரு பங்குதான். உழவு ஓட்டவோ கிணறு வெட்டவோ நான்கடி எந்த மூலைக்கு? நொய்யல் ஆற்றில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கிய ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ளவர்களுக்கு இது எளிதில் புரியும்: 2011இல் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன என்பதற்காகக் கிணற்று நீரின் உப்பு மறுநாளே இறங்கிவிடவில்லை.

சூலூர் வாசகர்:
இருவருக்கும் நன்றி. கடலுக்குள் என்ன நேர்கிறது? நம் நாட்டிலும் இப்படிப்பட்ட இடங்கள் உண்டா?

காங்கேயத்துக்காரர்:
நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் கருவியின் ஒலி, ஆழ்கடலில் வாழும் அலகுத் திமிங்கிலங்களைக் கரை ஒதுங்கச் செய்கிறது. 2002இல் கேனரித் தீவுகளுக்கு அருகே கடற்படைப் பயிற்சி நடந்தபோது 14 திமிங்கிலங்கள் ஒதுங்கின. 2004இல் ஸ்பெயின் அத்தீவுகளைச் சுற்றிச் சோனாரைத் தடை செய்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் அங்கு அவை கூட்டமாக ஒதுங்கவில்லை.

நம் நாட்டில், கர்நாடகத்தின் முருடேசுவரத்துக்கு எதிரே பவளப் பாறைகள் சூழ்ந்த நேத்ராணித் தீவைக் கடற்படை இலக்குப் பயிற்சிக்குப் பயன்படுத்தியிருக்கிறது. ஒடிசாவின் சந்திப்பூரில் ஏவுகணைச் சோதனைக்கு முன் சுற்றுவட்டக் கிராமத்தாரைத் தற்காலிகமாக வெளியேற்றி இழப்பீடு தருகிறார்கள். அருகிலுள்ள அப்துல் கலாம் தீவில், ஆமைகள் முட்டையிடும் பருவத்தை முன்னிட்டு 2024 தொடக்கத்தில் சோதனைகளை நிறுத்திவைக்க முடிவானது.

படைக்குப் பயிற்சியே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எங்கள் வீட்டிலும் ராணுவத்தில் இருப்பவர்கள் உண்டு. ஆனால் சந்திப்பூரில் ஊராரைச் சில மணி நேரம் வேறிடத்தில் தங்கவைக்க முடிகிறது. சிறிய தீவில் மக்களை எங்கே நகர்த்துவது, குண்டு பொறுக்கும் செலவு யார் பொறுப்பு, மீன்பிடிக்கப் போகாத நாட்களுக்குக் கூலி உண்டா என்பவற்றைப் பயிற்சிக்கு இடம் குறிக்கும்போதே எழுத்தில் முடிவு செய்ய வேண்டும். உங்கள் வட்டத்தில் யாரேனும் நேத்ராணிக்கு முக்குளிக்கப் போயிருந்தால் அவரிடமிருந்தே தொடங்குங்கள். இப்போது அது சுற்றுலா இடமாகிவிட்டது.