தண்டுவடக் காயத்துக்கு ஜெல் ஊசி: 14 மாதம் கழித்துப் போட்டால் பலன் உண்டா?

கேள்வி (தென்னந்தோப்பு):
அண்ணன் மரத்திலிருந்து விழுந்து 14 மாதம் ஆகிறது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சியே இல்லை. கால் செயலிழந்த எலியை ஒரே ஊசியில் நடக்க வைத்த ஜெல் என்று ஒரு வீடியோ வந்ததிலிருந்து வீட்டில் வேறு பேச்சில்லை, அம்மா நிலத்தை விற்றாவது போட்டுவிடலாம் என்கிறார். அது உண்மையா? விழுந்த அன்று அண்ணனுக்கு ஸ்டீராய்டு ஏற்றினார்களே, அதைவிட இது என்ன செய்துவிடும்?

பதில் (ஆய்வுக்கூடம்):
உண்மைதான். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் சாமுவேல் ஸ்டப் குழு செய்தது, 2021இல் சயின்ஸ் இதழில் வந்தது. ஊசியில் நீராக இறங்கி, உள்ளே போனதும் நானோ இழைகளாக (கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய இழைகளாக)ப் பின்னி ஜெல்லாகிவிடும். அறுந்த நரம்பிழை வளரவும் ரத்தக்குழாய் உருவாகவும் அந்த இழைகளே சமிக்ஞை கொடுக்கும், சில வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் எலிகளுக்கு ஊசி போட்டது காயம்பட்ட மறுநாள். அண்ணனுக்கு இதற்குள் அந்த இடத்தில் தழும்பு கட்டியிருக்கும், அதைத் தாண்டி நரம்பு வளர்வது வேறு பிரச்சினை.

ஸ்டீராய்டு பற்றி: ரத்தத்துக்கும் தண்டுவடத்துக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது, ஏற்றுகிற மருந்தில் கொஞ்சம்தான் உள்ளே போகும். அதனால்தான் இதற்குக் கொடுக்கும் ஸ்டீராய்டான மெத்தில்பிரட்னிசோலோனை உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிகிராம் என்று அவ்வளவு அதிகமாகக் கொடுத்தார்கள், அது உடம்பு முழுக்கப் பரவித் தொற்று, வயிற்றில் ரத்தக்கசிவு என்று இழுத்துவிட்டது. அதே மருந்தை நானோ துகளில் அடைத்து, துகள்களை வேறு வகை ஜெல்லில் கலந்து காயத்தின் மேலேயே வைத்தால் குறைந்த அளவு போதும், நாள் கணக்கில் மெதுவாகக் கசியும். டொரண்டோவில் மாலி ஷோய்ச்செட் குழு ஹயலூரோனனும் (உடம்பிலேயே இருக்கும் வழவழப்பான பொருள்) மெத்தில்செல்லுலோஸும் (தாவர நாரிலிருந்து செய்வது) கலந்த அப்படியொரு ஜெல்லைத் தண்டுவட உறைக்குள்ளேயே செலுத்திப் பார்த்தது. அதுவும் விலங்குகளில்தான்.

பதில் (சக்கர நாற்காலி):
நிலத்தை விற்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். எனக்கு அடிபட்டு ஒன்பது வருடம். ஸ்டெம் செல் ஊசி என்று ஓரிடத்தில் லட்சக்கணக்கில் கட்டினோம், ஒரு விரல்கூட அசையவில்லை. முறையான மருத்துவச் சோதனை என்றால் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவின் மருத்துவச் சோதனைப் பதிவேடு) இணையதளத்தில் பதிவு இருக்கும், சோதனை மருந்துக்கு உங்களிடம் காசு கேட்கக் கூடாது. கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். சரி, அண்ணனுக்குப் படுக்கைப் புண் இருக்கிறதா? சிறுநீர் எப்படி எடுக்கிறார்கள்?

தென்னந்தோப்பு:
இடுப்பில் ஒரு புண் இருக்கிறது, ஆறவே மாட்டேன் என்கிறது. டியூப் எப்போதும் மாட்டியே இருக்கிறது.

சக்கர நாற்காலி:
அப்போ முதலில் அதைப் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள், நாற்காலியில் உட்காரும்போது நல்ல மெத்தை வேண்டும். டியூப்பை எடுத்துவிட்டு வேளாவேளைக்குச் சிறுநீரை வடித்துவிடும் முறைக்கு மாறலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சிறுநீரகத்துக்கு நல்லது. வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வுப் பிரிவு பாகாயத்தில் இருக்கிறது. தென்காசிப் பக்கம் என்றால் ஆய்க்குடி அமர் சேவா சங்கம், அதைத் தொடங்கிய ராமகிருஷ்ணனும் தண்டுவடம் அடிபட்டவர்தான். அண்ணனையும் கூட்டிக்கொண்டே போங்கள்.