6 வாரம் விடுப்பு, 6 பேர், லடாக்: இந்தத் திட்டத்தில் எங்கே தப்பு?

கேள்வி (சென்னைவாசி): அலுவலகத்தில் சம்பளமில்லா நீண்ட விடுப்பு 6 வாரம் கிடைத்திருக்கிறது. ஜூன் நடுவில் கிளம்புகிறோம். அப்பா 67 (பி.பி. மாத்திரை எடுக்கிறார்), அம்மா 62, நாங்கள் இருவர், பிள்ளைகள் 12, 6 வயது. திட்டம்: மணாலியில் 1 இரவு, சார்ச்சுவில் 1, லேயில் 1, பாங்காங்கில் 2, நுப்ராவில் 2. கையடக்க ஆக்சிஜன் கேன் 4 வாங்கினால் போதும் என்கிறார் டிராவல்ஸ்காரர். சரிதானா?

பதில் (மலைப்பாதை): சார்ச்சுவை முதலில் அடித்துவிடுங்கள் சார். மணாலி 2,050 மீட்டர், சார்ச்சு ஏறக்குறைய 4,290. ஒரே நாளில் 2,200 மீட்டர் ஏறி அங்கேயே தூங்கச் சொல்கிறது உங்கள் திட்டம். 3,000 மீட்டருக்கு மேல் போனபின், முந்தின இரவு தூங்கிய உயரத்தைவிட 500 மீட்டருக்கு மேல் ஏறித் தூங்கக் கூடாது; காற்றில் ஆக்சிஜன் குறைவதால் உயர நோய் (தலைவலி, மூச்சுத்திணறல்) வரலாம். பகலில் கணவாயைத் தாண்டி இறங்கிவிடுவது வேறு. பார்க்க வேண்டியது படுக்கும் இடத்தின் உயரம்.

அதைவிட மோசம், சார்ச்சுவில் ஒருவருக்கு முடியாமல் போனால் நேரே கீழே இறங்க வழியில்லை. தெற்கே போனால் பாராலாச்சா லா (‘லா’ என்றால் கணவாய்; 4,890 மீட்டர்), வடக்கே போனால் லாச்சுங் லா (5,000-க்கு மேல்). இறங்குவதற்கே முதலில் ஏற வேண்டும். இரவில் இது நடந்தால் என்ன செய்வீர்கள்?

ஸ்ரீநகர் வழியாகப் போங்கள். சென்னையிலிருந்து அந்தமான் எக்ஸ்பிரஸ் கட்ரா வரை போகிறது. கட்ரா–ஸ்ரீநகர் ரயில் 2025 ஜூனிலிருந்து ஓடுகிறது. ஸ்ரீநகர் (1,585) 2 இரவு, சோனாமார்க் (2,700) 1, கார்கில் (2,676) 2, ஆல்ச்சி (3,100) 1, லே (3,500) 3. வழியில் சோஜி லாவும் 4,108 மீட்டர் ஃபோட்டு லாவும் வரும், இரண்டையும் பகலிலேயே தாண்டிவிடுவீர்கள். 6 வாரம் கையில் இருக்கும்போது 7 இரவில் எல்லாவற்றையும் முடிக்க ஓடுவானேன்?

சென்னைவாசி: புரிகிறது, நன்றி. ஆக்சிஜன் கேன்? உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை?

மருந்துப்பெட்டி: கேன் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். 10 லிட்டர் கேனை நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் விட்டால் 5 நிமிடம். நாலு கேன் 20 நிமிடம். மூச்சுத்திணறலோடு மலை இறங்கவே மணிக்கணக்காகும். லேயில் ஃப்ளோமீட்டர் (வாயு வரும் வீதத்தைக் காட்டும் கருவி) பொருத்திய சிலிண்டர் வாடகைக்குக் கேளுங்கள், 1.5 லிட்டர் உருளையில் 150 பார் அழுத்தம் இருந்தால் 225 லிட்டர், அதே வீதத்தில் 1 மணி 50 நிமிடம் வரும். வண்டி ஏறுமுன் சிலிண்டரின் அழுத்தமானி முள்ளைப் பாருங்கள், பாதிதான் நிரம்பியிருக்கும் சிலிண்டரும் உண்டு.

டயமாக்ஸ் (அசெட்டசோலமைடு) பெரியவர்களுக்கு வழக்கமாக 125 மி.கி., காலை ஒன்று மாலை ஒன்று, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. விரல்நுனி மரத்துக் குறுகுறுக்கும், அடிக்கடி சிறுநீர் போகும்; அதற்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதீர்கள். சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் டாக்டரிடம் சொல்லாமல் தொடவே வேண்டாம். அப்பாவின் பி.பி. மாத்திரையில் நீர் பிரியும் மருந்து கலந்திருக்கிறதா என்பதையும் டாக்டர் பார்க்கட்டும். பிள்ளைகளுக்கு எடையைப் பார்த்து அவரேதான் அளவு சொல்ல வேண்டும்.

6 வயதுக் குழந்தை "தலைவலி"யென்று சொல்லாமல் போகலாம். சாப்பாட்டைத் தள்ளும், காரணமில்லாமல் சிணுங்கும், விளையாடாது. அன்றைக்கு மேலே போகாதீர்கள். தள்ளாடி நடந்தாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் இறக்குங்கள்.

நாலுசக்கரம்: வண்டி விஷயம். ஸ்ரீநகர் டாக்ஸி லேயில் இறக்கிவிடும், ஆனால் அதை வைத்துக்கொண்டு நுப்ரா, பாங்காங் சுற்ற முடியாது. அதற்கு லே டாக்ஸி யூனியன் வண்டிதான், கட்டணம் அட்டவணைப்படி. வெளியூரில் எடுத்த செல்ஃப் டிரைவ் வாடகைக் காரையும் தடுப்பார்கள். சொந்தக் காருக்குப் பிரச்சினையில்லை. தமிழ்நாட்டு ப்ரீபெய்டு சிம் அங்கே செத்துவிடும், குறைந்தது இரண்டு பேராவது போஸ்ட்பெய்டுக்கு மாறுங்கள்.

சமைப்பதாக இருந்தால் குக்கர் கட்டாயம். பாங்காங் ஏரிக்கரையின் 4,250 மீட்டரில் தண்ணீர் 86 டிகிரி சுற்றிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகவே வேகாது. குக்கரிலும் இரண்டு விசில் கூடுதலாக விடுங்கள். அரிசியை அரைமணி ஊறவைத்தால் கேஸ் மிச்சம்.

இன்னொன்று, யாரும் கேட்பதில்லை: சம்பளமில்லா விடுப்பில் அலுவலகக் குழுக் காப்பீடு, குறிப்பாகப் பெற்றோருக்கானது, நிற்குமா நிற்காதா? எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கிவிட்டு டிக்கெட் போடுங்கள்.

சென்னைவாசி: பாங்காங்கில் ஒரு இரவாவது தங்கலாமா? பிள்ளைகள் ஆசையாக இருக்கிறார்கள்.

மலைப்பாதை: லேயிலிருந்து நேராகப் போய்த் தங்க வேண்டாம். முதலில் நுப்ரா 2 இரவு, அங்கே ஹுண்டர் கிராமம் ஏறக்குறைய 3,100 மீட்டர்தான். லே திரும்பி 1 இரவு. பிறகு ஏரிக்குப் போகும் வழியிலுள்ள தாங்ட்சே கிராமத்தில் (3,900-ஐ ஒட்டி) 1 இரவு. அங்கிருந்து ஏரி சுமார் 35 கி.மீ. காலையில் போய் மத்தியானம்வரை இருந்துவிட்டுத் திரும்புங்கள். ஏரிக்கரைக் கூடாரத்தில் (4,250) தூங்குவதை தாங்ட்சேயில் அந்த இரவு ஆறு பேரும் எப்படித் தூங்கினார்கள் என்று பார்த்தபின் முடிவு செய்யலாம். லே திரும்பச் சாங் லா 5,300-க்கு மேல் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள், ஆகவே ஒருவருக்குத் தலைவலி என்றாலும் கூடாரம் வேண்டாம்.